அம்பாசடருக்கு முன் டிஸ்க் பிரேக்: ஒரு லேத் பட்டறைக்காரரின் குறிப்புகள்

பழைய காருக்கு டிஸ்க் பிரேக் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் கையில் காலிப்பரோடுதான் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும் பாகம்) என் பட்டறைக்கு வருகிறார்கள். ஏதாவது கண்டம் வண்டியில் கழற்றியதாக இருக்கும், இல்லையென்றால் காயலான் கடையில் எடைக்கு வாங்கியதாக இருக்கும். "அண்ணே, இது நம்ம வண்டில உக்கார ஒரு பிளேட்டு மட்டும் போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள். நான் மதுரை புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் வைத்திருப்பவன். பிளேட் வெட்டுவது பெரிய வேலை இல்லை, காசும் வரும். இருந்தாலும் காலிப்பரைத் தாங்க வெல்டிங் வைத்த பிளேட் எதுவும் நான் செய்து தருவதில்லை. முழு வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்தும் விசை அத்தனையும் அந்த இரண்டு போல்ட் வழியாகத்தான் போகிறது. வெல்டிங் உள்ளே எப்படிப் பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால் சொந்தக்கார வண்டியிலிருந்து எடுங்கள் என்பேன். அதே கம்பெனி, அதே சஸ்பென்ஷன், ஆனால் பின்னால் வந்த கொஞ்சம் கனமான அல்லது வேகமான மாடல். அதிலிருந்து உதிரி உதிரியாக எடுக்காமல் செட்டாக எடுக்க வேண்டும். என் மாமனார் விட்டுப்போன மார்க் 4 அம்பாசடரை வைத்தே சொல்கிறேன். வேறு வண்டி வைத்திருப்பவர்கள் பெயரை மாற்றிக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

மார்க் 4 வந்தது 1979-ல். உள்ளே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கரத்திலும் டிரம் (சக்கரத்தோடு சுழலும் கிண்ணம்; லைனிங் ஒட்டிய ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அதை அழுத்தும்). 1992-ல் இசுசு 1800 எஞ்சினோடு ஒரு வண்டி வந்தது. அடிப்படை உடம்பு அதே மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது. வேகம் கூடியதால் பின்னாளில் அந்த வரிசையில் முன் சக்கரத்துக்கு டிஸ்கும், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரும் சேர்ந்தன. நமக்கு வேண்டியது அந்த வண்டிதான். ஒன்று கவனியுங்கள்: இசுசு என்று பின்னால் எழுதியிருந்தாலே டிஸ்க் இருக்கும் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

முதலில் இருப்பதைச் சரிபாருங்கள்

டிரம் பிரேக் மோசம் என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் டிரம் மோசமில்லை, பராமரிப்புதான் மோசம். டிரம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். ஷூ ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுக்க ஆயில் ஊறியிருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதி வழி அடைத்திருக்கும். அந்த மாதிரி ஹோஸில் மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஒரு சக்கரம் மட்டும் சூடாகும். இதற்கெல்லாம் டிஸ்க் மருந்தில்லை. டிரம்மை லேத்தில் கடைந்து, அதற்கேற்ற வளைவில் ஷூவைத் தேய்த்து, வீல் சிலிண்டர் கிட்டும் ஹோஸும் மாற்றி, பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மதுரைக்குள் ஓட்டுகிறவருக்கு இதுவே போதும். கோரிப்பாளையம் சிக்னலுக்கும் காளவாசல் சிக்னலுக்கும் நடுவே பிரேக் சூடேற வழியே இல்லை.

மலை ஏறி இறங்குகிறவர் கதை வேறு. வத்தலக்குண்டு தாண்டி காமக்காபட்டி செக்போஸ்டில் தொடங்கும் ஏற்றம் கொடைக்கானலில் முடியும்போது சுமார் 1,700 மீட்டர் உயரம் ஏறியிருப்போம். நான்கு பேரும் மூட்டை முடிச்சும் சேர்த்து வண்டி ஒன்றரை டன் என்று வையுங்கள். இறங்கும்போது அந்த உயரத்தின் ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரம், அதாவது 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி 7 மணி நேரம் எரிகிற சூடு. கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்குகிறவர் அவ்வளவையும் பிரேக்கின் தலையில் ஏற்றுகிறார். அவருக்கு எந்தப் பிரேக் போட்டும் பிரயோஜனமில்லை.

டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே இறங்குவதற்கு அது ஒரு காரணம். உள்ளே மூடிக்கிடப்பதால் சூடு சீக்கிரம் வெளியேறாது, லைனிங்கின் பிடியும் குறையும். டிஸ்க் சூடானால் பேடுகளின் பக்கம்தான் விரியும், காற்றும் நேராகப் படும். மலைக்கு டிஸ்க் வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் இதுதான். சமதளத்தில் ஒரே ஒரு தடவை அவசரமாக நிறுத்துவதில் நல்ல டிரம்முக்கும் டிஸ்குக்கும் பலர் நினைக்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை.

எதை எதை எடுக்க வேண்டும்

டிஸ்க் உள்ள அந்த இசுசு வண்டியிலிருந்து வர வேண்டியவை: இரண்டு பக்கத்து ஸ்டப் ஆக்சில் (முன் சக்கரம் சுழலும் அச்சுத்துண்டு) அதன் ஸ்டியரிங் ஆர்ம் உட்பட, ஹப், டிஸ்க், காலிப்பர், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட், தூசித் தகடு, ஹோஸ், ஹோஸை பாடியில் பிடிக்கும் கிளிப், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், பூஸ்டர் வேக்குவம் குழாய், பெடலோடு சேரும் தள்ளுகோல், பின் சக்கர லைனில் பிரஷர் குறைக்கும் வால்வு இருந்தால் அதுவும். போல்ட்களை ஒரு பையில் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். காலிப்பர் போல்ட் என்று கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டைப் போடக்கூடாது. தலையில் வலிமை எண் இருக்கும், அதற்குக் குறைந்தது வேண்டாம்.

மதுரையில் அம்பாசடர் சாமான் இன்னும் கிடைக்கத்தான் செய்கிறது, ஆனால் டிஸ்க் செட் முழுதாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர் உக்கடம், அதுவும் இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. புதுப்பேட்டைக்குப் போகிறவர் வெர்னியர் அளவுகோலையும் ஒரு காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காந்தம் எதற்கென்றால், பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருக்கும் இடத்தில் பட்டி போட்டு மூடியிருக்கிறார்களா என்று பார்க்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

அங்கே நின்று அளக்க வேண்டியவை இவை. முதலில் சொந்த வண்டியின் ஸ்டப் ஆக்சில் அளவுகளை எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும்: பேரிங் உட்காரும் இரண்டு இடத்தின் விட்டம், மேலும் கீழும் சஸ்பென்ஷனோடு சேரும் இடங்களின் இடைவெளி, அங்குள்ள மரையின் அளவு, ஸ்டியரிங் ஆர்மின் நீளம். ஆர்ம் நீளம் அல்லது உயரம் மாறினால் பிரேக் நன்றாக இருக்கும், ஸ்டியரிங் கெட்டுப்போகும். அடுத்து வீல் ஸ்டட் வட்டம், அதாவது சக்கர போல்ட்கள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம். நான்கு ஸ்டட் வண்டியில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் நேரடியாகவே வந்துவிடும். ஐந்து ஸ்டட் உள்ளதில் எதிரில் ஓட்டை இருக்காது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டின் மைய இடைவெளியை 1.701-ஆல் பெருக்குங்கள். வட்டம் ஒன்றாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், ரிம்மின் நடு ஓட்டை ஹப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். ரிம்மின் உட்புறம் காலிப்பரில் இடிக்காமல் சுற்ற வேண்டும். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி பாருங்கள். சக்கரத்துக்குள் ஒட்டும் ஈயப் பாலன்ஸ் எடைகளும் அந்த இடைவெளியில்தான் சுற்றும்.

டிஸ்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அதைத் தொடும் நிலையில் இருந்தால் எடைக்கு மட்டும் விலை பேசுங்கள். ஓரத்தில் உதடு மாதிரி எழும்பியிருக்கும், அதன் மேல் வெர்னியர் வைத்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும், உள்ளே தள்ளி அளக்க வேண்டும். காலிப்பர் பிஸ்டனைக் கையால் அழுத்திப் பாருங்கள். துருப்பிடித்துக் குழி விழுந்த பிஸ்டனை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து மறுபடி போடுகிறவர்கள் உண்டு. புது சீல் போட்டாலும் அது கசியும். பிஸ்டன் புதிதாக வாங்குங்கள், சீல் கிட் கட்டாயம் புதிது. ஹோஸ் எந்த வண்டியிலிருந்தும் பழையது வேண்டாம், அளவுக்கு மட்டும் பழையதை எடுத்து வந்து புதிது வாங்குங்கள். பிரேக் சாமானில் கம்பெனி பார்த்து வாங்கலாம், நம் ஊருக்கும் அதில் ஒரு உறவு உண்டு. 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ், இங்கிலாந்தின் லூகாஸோடு சேர்ந்து 1962-ல் ஆரம்பித்ததுதான் பிரேக்ஸ் இந்தியா. கர்லிங் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது அந்தச் சாமானைத்தான்.

ஆயில் பக்கத்துக் கணக்கு

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். டிஸ்கையும் காலிப்பரையும் மாட்டிவிட்டு மாஸ்டர் சிலிண்டர் பழையதே இருக்கட்டும் என்பார்கள். அதில் மூன்று சிக்கல்.

டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் பொதுவாக ஒரு சின்ன வால்வு உள்ளே இருக்கும். காலை எடுத்த பிறகும் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். வீல் சிலிண்டரின் ரப்பர் உதடு விரிந்தே இருக்கவும், ஷூ அதிகம் பின்னால் போகாமல் இருக்கவும் அது வேண்டும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் பிரச்சினை இல்லை. டிஸ்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது, சீல் மட்டும்தான் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கிறது. அந்த 10 பி.எஸ்.ஐ. இருந்தால் பேட் எப்போதும் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும். திருமங்கலம் போவதற்குள் ஹப் சுடும். ஆகவே முன் லைனுக்கு அந்த வால்வு இருக்கக்கூடாது, பின் டிரம் லைனுக்கு இருக்க வேண்டும். டிஸ்க் மாடலின் மாஸ்டர் சிலிண்டரையே போட்டால் இது தானாகச் சரியாகிவிடும். மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்வாகத் தரைக்கடியில் இருக்கும் வண்டிகளில் மட்டும் ஆயில் திரும்பி வடியாமல் இருக்க முன் லைனுக்கு 2 பி.எஸ்.ஐ. வால்வு வைப்பார்கள்.

இரண்டாவது, மிதிக்கும் பலம். டிரம் சுழலும் திசையிலேயே விரியும் ஷூவை அந்த டிரம்மே இழுத்துத் தன் மேல் அழுத்திக்கொள்ளும், பாதி வேலையை அது செய்துவிடும். டிஸ்கில் அந்த உதவி இல்லை. அதனால்தான் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் மாட்டியவர்கள் "முன்னாடி இருந்ததவிட மோசம்ணே, ஏறி நின்னாத்தான் பிடிக்குது" என்று திரும்பி வருகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் மேனிஃபோல்டில் கிடைக்கும், ஒருவழி வால்வோடு குழாய் எடுத்தால் போதும். டீசல் போட்ட அம்பாசடர் என்றால் அந்த வேக்குவம் கிடைக்காது, ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்ப் வேண்டும். டீசல்காரர்கள் அதன் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு செட் வாங்கலாம்.

மூன்றாவது, துளையின் விட்டம். காலிப்பர் பிஸ்டன் பெரியது, அதைத் தள்ள ஆயில் அதிகம் வேண்டும். முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு ஏழு எட்டாம் பங்கு அங்குலம் போட்டால் பிஸ்டன் பரப்பு 36 சதவீதம் கூடும். பெடல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவாக இறங்கும், ஆனால் அதே பிடிக்கு 36 சதவீதம் அதிக பலம் மிதிக்க வேண்டும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தால் நல்ல பிரேக் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. துளை பெரிதானாலும் பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இந்த வேலையில் கையோடு செய்ய வேண்டிய இன்னொன்று: உங்கள் வண்டியில் ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர் இருந்தால் இரண்டு அறை உள்ளதுக்கு மாறிவிடுங்கள். எங்கோ ஒரு குழாய் வெடித்தாலும் பாதி பிரேக்காவது மிஞ்சும். எனக்கு டிஸ்கைவிட இதுதான் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது.

மாட்டும் வேலை

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, மெக்கானிக்கல் வேலை தெரிந்தவருக்குத் தெரிந்ததுதான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள், இரும்பு முட்டு வையுங்கள். பேரிங் புதிதாகப் போட்டு கிரீஸ் அடைத்து, நட்டை இறுக்கிப் பின் தளர்த்தி, ஆட்டமும் இறுக்கமும் இல்லாத இடத்தில் புது ஸ்பிளிட் பின் மாட்டுங்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு ஒரு துளி இருக்கக்கூடாது. மாட்டியபின் டயல் கேஜ் வைத்து டிஸ்கைச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.1 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். கூடினால் டிஸ்கை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும், கடைவதற்கு என்னிடம் வர வேண்டியதில்லை. பேட் ஓடும் முகத்தைக் கையால் தொடாதீர்கள். கிரீஸ் கை பட்ட பேடைக் கழுவினாலும் பழைய பிடி வராது.

குழாய் புதிதாக வளைக்க வேண்டியிருந்தால் பிரேக்குக்கென்றே விற்கும் ஸ்டீல் குழாய் வாங்கி, முனையை இரட்டை மடிப்பாக அடிக்கச் சொல்லுங்கள். ஏசி வேலைக்குப் போகும் வெறும் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்பதால் சிலர் போடுவார்கள். அதிர்வில் வெடிக்கும், வேண்டாம்.

ஆயில் டாட் 4. புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. தண்ணீர் இழுத்த பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். டாட் 3-க்கு இதே கணக்கு 205, 140. மூடி திறந்து வைத்திருந்த பாட்டில் நம் ஊர் ஐப்பசி மழையில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைக்க நினைக்காதீர்கள். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிகான், இதோடு சேராது. ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பியுங்கள். வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் அது பெரும்பாலும் பின் இடது. காலிப்பரின் ஏர் நிப்பிள் மேல்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், ஏர் நாள் முழுக்க எடுத்தாலும் போகாது. வாங்கும்போதே இடது, வலது என்று சாக்பீஸால் எழுதி வாருங்கள்.

சோதனை

எஞ்சின் நின்ற நிலையில் பெடலைப் பல தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு, வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம் ரிங் ரோட்டில் விடியற்காலையில், பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி, முன் ஹப் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். மேலே சொன்ன வால்வு சிக்கல் இருந்தால் இங்கே கை சொல்லிவிடும்.

புது பேடைப் பழக்க வேண்டும். 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, ஒரு பத்து தடவை. நடுவில் ஆற விடுங்கள்.

பிறகு முக்கியமான சோதனை: ஆளில்லாத மண் ரோட்டில் மிகக் குறைந்த வேகத்தில் சட்டென்று மிதிக்க, ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். முன் சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும், அதாவது சுழலாமல் இழுபட வேண்டும். பின் சக்கரம் முந்திப் பூட்டினால் மழை ரோட்டில் வண்டி பின்பக்கமாகச் சுற்றிவிடும். அப்படி இருந்தால் பின் லைனுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு போட்டாக வேண்டும். ஸ்விஃப்ட், பலேனோ வைத்திருக்கும் தம்பிகள் 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ்.-ஸின் பின் டிஸ்கைத் தேடி அலைவதைப் பார்க்கிறேன். நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குத்தான், பின்னால் டிஸ்க் போட்டு அலாய் வீல் இடுக்கில் காட்டுவதால் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் கம்பெனி வைத்த சமநிலையைக் கலைக்கவும் செய்யும். அம்பாசடரில் பின் டிரம்மை விட்டுவைக்க இன்னொரு நல்ல காரணம், ஹேண்ட் பிரேக் அப்படியே கிடைக்கிறது.

இதெல்லாம் சரி என்றால் முதல் சரிவுக்கு அழகர்கோயில். அங்கிருந்து பழமுதிர்சோலை வரை ஏறும் சாலை குட்டி மலைச்சாலை, இறங்கும்போது சோதிக்கப் போதும். வளைவில் குரங்கு உட்கார்ந்திருக்கும், அவசர பிரேக்குக்குத் தனியாக ஏற்பாடு தேவையில்லை. அடுத்ததாக சிறுமலை, கடைசியாகத்தான் கொடைக்கானல். இறங்கும்போது டம் டம் பாறையில் நிறுத்தி முகர்ந்து பாருங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கருகல் வாடை அடித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் பிஸ்டன் ஒட்டுகிறது. மதுரை திரும்பியதும் காலிப்பர் போல்ட், ஸ்டப் ஆக்சில் நட்டு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் மறுபடி பாருங்கள், ஆயில் மட்டமும் பாருங்கள்.

காகித வேலை ஒன்று பாக்கி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கொடுத்த வரையறைக்கு மாறாக வண்டியை மாற்றுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதனால் செட் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் விஷயத்தைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பிரேக்கைப் பார்ப்பார்கள். சாமான் வாங்கிய பில், செட் எந்த மாடலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பு, இரண்டையும் வண்டிக் காகிதத்தோடு வையுங்கள். கழற்றிய டிரம், ஷூ, பழைய ஸ்டப் ஆக்சில் எல்லாவற்றையும் ஆயில் தடவிச் சாக்கில் கட்டி வீட்டில் ஒரு மூலையில் போட்டுவையுங்கள். காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் தேவைப்படும் நாளில் மறுபடி புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டியிருக்கும்.